சமூக மாற்றமும் நம்பிக்கையும்: மகாட் முதல் நாக்பூர் வரை

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. பக்தன் கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை. கடன் கொடுத்தவன் வாங்கியவன்மேல் வைப்பதும் நம்பிக்கை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு விடியும் என்று ஒருவன் நெஞ்சுக்குள் வைத்திருப்பதும் நம்பிக்கைதான். மராத்தி இவற்றைப் பிரித்துச் சொல்கிறது: முதலாவது சிரத்தை, இரண்டாவது விசுவாசம், மூன்றாவது ஆஷா. தொல்காப்பியத்தின் உரியியலோ ‘நம்பு’ என்ற சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் சொல்கிறது. பழந்தமிழில் நம்பியவன் விரும்பியவன். பின்னால் அந்த விருப்பப் பொருள் தேய்ந்து உறுதிப் பொருள் மேலே வந்தது. வடமொழி ஆஷா தமிழுக்குள் வந்தபோது அதற்கு நேர்மாறாக நடந்தது. அது ஆசையாகி, வெறும் விருப்பமாகச் சுருங்கிவிட்டது. விருப்பமும் உறுதியும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விளையாடுவது தற்செயல் என்று தோன்றவில்லை. சமூக மாற்றத்துக்காகப் போராடுபவர்களின் நம்பிக்கை எது என்று கேட்டால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டியிருக்கிறது.

தத்துவ மரபுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது நம்பிக்கையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்லும் கதையில், பண்டோரா தாழியைத் திறந்ததும் உலகத்துத் துன்பங்கள் எல்லாம் வெளியே பறந்துவிடுகின்றன, நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. அது தாழிக்குள் இருந்தது நன்மையாகவா, துன்பங்களில் ஒன்றாகவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்டோயிக் அறிஞர்களுக்கு நம்பிக்கையும் அச்சமும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவை. ஒன்றை விட்டால்தான் மற்றது போகும். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பினோசாவும் ஏறத்தாழ இதையே சொன்னார். இமானுவேல் காண்ட் 1781-இல் வெளியிட்ட ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ நூலில் மனித அறிவின் அக்கறை முழுவதையும் மூன்று கேள்விகளில் அடக்கினார்: எதை அறிய முடியும், எதைச் செய்ய வேண்டும், எதை நம்பி எதிர்நோக்கலாம். அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். எதிர்நோக்கும் உரிமை, செய்ய வேண்டியதைச் செய்தவனுக்குப் பின்னால்தான் வருகிறது.

இந்திய மரபில் இந்தச் சந்தேகம் இன்னும் ஆழமானது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று புத்தர் சொன்னதாகத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் படிக்கிறது. பாலி மொழியில் அங்கே உள்ள சொல் ‘தண்ஹா’, அதாவது தாகம். நல்லதைச் செய்ய எழும் விருப்பத்துக்கு அதே மொழியில் ‘சந்த’ என்று வேறு சொல் இருக்கிறது. பாடப்புத்தகம் அவ்வளவு தூரம் போவதில்லை. துன்பத்திலிருந்து விடுபட ஆசையை விடு என்ற செய்திதான் மனதில் தங்குகிறது. அந்தப் புத்தரிடம்தான் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சமூக விடுதலை முயற்சி ஒன்று தன் நம்பிக்கையைத் தேடிப் போனது. அம்பேத்கர் 1927-இல் தொடங்கி 1956-இல் முடித்த அந்தப் பயணம், நம்பிக்கை பற்றிய கேள்வியை ஏட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது.

பயணத்தின் தொடக்கம் ஒரு குளம். பொதுப் பணத்தில் கட்டிய நீர்நிலைகளும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டாமைக்கு ஆளான மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் நிறைவேற்றியது. எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் அது. அதை ஏற்று மகாட் நகராட்சியும் அடுத்த ஆண்டே சவதார் குளத்தைத் திறந்துவிட்டது, காகிதத்தில். மூன்று ஆண்டுகளாக யாரும் அதில் இறங்கத் துணியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்னே நடக்க, அந்த ஊரில் கூடிய மாநாட்டுக்கு வந்திருந்த மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி பரவியது. சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து தாக்கினார்கள். திருப்பி அடிக்க வேண்டாம் என்று அம்பேத்கர் தம் மக்களைத் தடுத்தார். பிறகு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் 108 குடங்களில் ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் அதே ஊரில் இரண்டாவது மாநாடு கூடியது. பந்தலில் காந்தியின் படம் மாட்டப்பட்டிருந்தது. டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் மீண்டும் குளத்தில் இறங்கும் திட்டத்தை, நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையை மதித்து, அம்பேத்கர் கைவிட்டார். பல்லாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் அப்படி முடிவெடுப்பது எளிய காரியமில்லை. சட்டம் தம் பக்கம் வரும் என்று அவர் நினைத்தார், வரவும் செய்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் 17 அன்று தீர்ப்பளித்தது. தீண்டாதவர்களை விலக்கும் வழக்கம் நினைவுக்கு எட்டாத காலம் முதல் இருந்துவருகிறது என்று எதிர்த்தரப்பால் நிறுவ முடியவில்லை. ஒரு கை தண்ணீருக்கு உரிமை உண்டு என்று எழுதி வாங்கப் பத்து ஆண்டுகள் ஆயின. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் தீர்மானம், சாட்சி, வழக்குக் கட்டு. கடவுளுக்கோ எதிராளியின் கருணைக்கோ அதில் இடமில்லை. காலம் பிடித்தாலும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய நம்பிக்கை அது.

நாசிக்கில் வைத்த நம்பிக்கை வேறு வகை. அங்கே காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930 மார்ச் 2 அன்று தொடங்கியது. பத்து நாள் கழித்து, மார்ச் 12 அன்று, காந்தி தண்டிக்குப் புறப்பட்டார். நாடு முழுவதும் உப்பைப் பற்றிப் பேசிய அந்த மாதத்தில் ஆயிரக்கணக்கான தலித் ஆண்களும் பெண்களும் ஒரு கோயிலின் மூடிய கதவுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராமநவமி அன்று இரு தரப்பும் சேர்ந்து தேர் இழுப்பதாக ஏற்பாடாயிற்று. அந்த வாக்குக் காப்பாற்றப்படவில்லை, கல்மழைதான் பொழிந்தது. தாதாசாகேப் கெய்க்வாட் முன்னின்று நடத்த, விட்டுவிட்டுப் போராட்டம் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தது. கதவு திறக்கவில்லை.

கோயில் நுழைவு எதிராளியின் மனத்தை எதிர்பார்க்கும் போராட்டம். இதன் இயல்பை வைக்கமும் காட்டியிருந்தது. திருவிதாங்கூரில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய அந்தச் சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழையக்கூடக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கத்தான் உரிமை கேட்டது. பெரியார் இருமுறை சிறை சென்றார். காந்தி நேரில் வந்து நம்பூதிரிகளோடு வாதாடிப் பார்த்தார், அவர்கள் மனம் இளகவில்லை. 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோயில் கதவுகள் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் அவற்றைத் திறந்தது அரச பிரகடனம். நம்பூதிரிகளின் மனமாற்றத்துக்கு அதில் பங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது.

1934-இல் கெய்க்வாட் நாசிக்கில் மறுபடியும் ராமநவமிச் சத்தியாகிரகம் தொடங்கலாமா என்று கேட்டபோது அம்பேத்கர் வேண்டாம் என்று எழுதினார். 1934 மார்ச் 3 தேதியிட்ட அந்தக் கடிதம், நம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய ஒன்று. தாழ்த்தப்பட்ட மக்கள் சிலையை வணங்குவோராக மாற வேண்டும் என்பதற்காகவோ, கோயிலுக்குள் போனால் அவர்கள் சமமாகிவிடுவார்கள் என்று எண்ணியோ அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை என்கிறார். அவர்களைத் தட்டியெழுப்பவும் தங்கள் நிலையை அவர்களே உணரச் செய்யவும் அதுவே சிறந்த வழி என்று நினைத்ததாகவும், அந்த நோக்கம் நிறைவேறிவிட்டதாகவும் விளக்குகிறார். கதவு திறக்காமலேயே போராட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது என்பது அவர் கணக்கு. தோல்விக்குப் பூசிய சமாதானம் இது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நாசிக்கின் மூடிய கதவுக்கு முன்னால் ஐந்து ஆண்டுகள் நின்ற அதே மக்கள் பின்னால் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கணக்குச் சரியாகவே இருக்கிறது.

அதே நாசிக் மாவட்டத்தின் யேவலாவில் 1935 அக்டோபர் 13 அன்று அம்பேத்கர் தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தார். காலாராம் போராட்டத்தை நிறுத்தும் முடிவும் அங்கே எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லாகூரில் அவர் பேச வேண்டியிருந்த உரையை, அழைத்த அமைப்பே கடைசி நேரத்தில் ரத்து செய்தது. அது ‘சாதி ஒழிப்பு’ என்ற நூலாக அவர் செலவிலேயே வெளிவந்தது. இந்து சமூகம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு அந்த நூலில் ஏறத்தாழ அணைந்துவிட்டது.

நம்பிக்கை இழப்பது வேறு, ஒரு நம்பிக்கையைக் கைவிடுவது வேறு. சமூக இயக்கங்கள் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி குழம்பிப்போகும் இடம் இதுதான். முன்னதில் மனிதன் செயலற்று உட்கார்ந்துவிடுகிறான். பின்னதில் பொய்த்துப்போன ஒன்றிலிருந்து தன் பலத்தை விடுவித்து வேறொன்றில் போடுகிறான். நம்பிக்கையின் பெயரால் மக்களைப் பழைய வாசலிலேயே காக்க வைப்பது போராட்டத்துக்குச் செய்யும் துரோகம். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இதைத்தான் முகத்துக்கு நேரே சொல்கிறது. அவரைப் பொறுத்திருக்கச் சொன்னவர்கள் எட்டு வெள்ளை மதகுருமார்கள், தங்களை நல்லவர்கள் என்று கருதியவர்கள். காலம் தானாக எதையும் குணப்படுத்தாது, அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே எல்லாம் என்று கிங் பதில் எழுதினார். நாள் போனால் எல்லாம் சரியாகும் என்ற ஆறுதலை அவர் நம்பிக்கை என்று ஏற்கவில்லை.

யேவலா அறிவிப்புக்கும் நாக்பூரில் நடந்த மதமாற்றத்துக்கும் நடுவே 21 ஆண்டுகள் ஓடின. வேறு மதத் தலைவர்கள் பலர் அம்பேத்கரைத் தேடி வந்தார்கள். அவர் படித்துக்கொண்டிருந்தார். இந்த இடைவெளியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியிருந்தார். அந்த வட்டத்தைச் சேர்ந்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907-இல் எழுதிய ‘பௌத்தத்தின் சாரம்’ நூலை அம்பேத்கர் 1948-இல் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நாக்பூருக்கு அரை நூற்றாண்டு முன்பே ராயப்பேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் ஒடுக்கப்பட்ட தமிழர்கள் இதே வாசலைத் தட்டிப் பார்த்திருந்தார்கள் என்பதை இன்றும் பலர் அறியாமலிருப்பது வருத்தத்துக்குரியது.

இங்கேதான் தத்துவச் சிக்கல் எழுகிறது. வாழ்வே துக்கம், துக்கத்தின் வேர் வேட்கை, வேட்கை அற்றால் துக்கம் அறும் என்பது பௌத்தம் பற்றிய வழக்கமான விளக்கம். நிலமும் நீரும் மானமும் மறுக்கப்பட்ட மக்களிடம் இதைக் கொண்டுபோய் என்ன செய்வது? அம்பேத்கர் இந்தக் கேள்வியைச் சுற்றிப் போகவில்லை. அவர் இறந்தபின் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையிலேயே அதை எழுப்பினார். நான்கு உண்மைகள் என்று சொல்லப்படுபவை மனிதனுக்கு நம்பிக்கையை மறுக்கின்றன, புத்தரின் செய்தியை விரக்தியின் செய்தியாக்கிவிடுகின்றன என்றார். அவை புத்தரே சொன்னவையா, பிக்குகள் பின்னால் சேர்த்தவையா என்றும் கேட்டார். அவருக்கு, நம்பிக்கையைப் பறிக்கும் போதனை புத்தருடையதாக இருக்க முடியாது. ஒரு மத உண்மையை உரைக்க அவர் கையில் எடுத்த உரைகல் நம்பிக்கை.

நூல் முழுவதும் இந்த உரைகல் வேலை செய்கிறது. பிணி, மூப்பு, சாக்காடு கண்டு சித்தார்த்தர் வீட்டை விட்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ரோகிணி ஆற்று நீருக்காக எழுந்த சண்டையில் போரை எதிர்த்ததால் சித்தார்த்தர் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார். மகாட் குளத்துக்காகப் பத்து ஆண்டுகள் வழக்காடியவர் புத்தரின் துறவுக்கும் தண்ணீர்த் தகராற்றையே காரணமாகக் கண்டார். முற்பிறவி வினை என்ற கோட்பாட்டை அவர் கடுமையாக மறுத்தார். ஏழையின் நிலைக்குச் சமூகமும் அரசும் பொறுப்பேற்காமல் தப்பிக்கவே அது பயன்படும் என்பது அவர் வாதம். தமிழுக்கு இந்த இழுபறி புதிதில்லை. திருக்குறள் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொல்லிவிட்டு, 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் முயற்சியை ஊழுக்கு எதிரே நிறுத்துகிறது. பிக்கு யார் என்ற கேள்விக்கும் அம்பேத்கரின் விடை இதே தடத்தில் போகிறது. பிக்கு தன்னை மட்டும் நிறைவாக்கிக்கொள்பவர் என்றால் அவரால் பயனில்லை. சமூகத் தொண்டர் என்றால் பௌத்தத்தின் நம்பிக்கையே அவர்தான். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஏந்தியவள் பசித்தோருக்குச் சோறிட்டு, அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். தமிழ்ப் பௌத்தம் இந்தத் தொண்டரை முன்பே அறிந்திருந்தது.

மரபான பௌத்தர்கள் இந்த நூலை எளிதில் ஏற்கவில்லை. மகாபோதி சங்கத்தின் இதழில் கடுமையான விமர்சனம் வந்தது. நான்கு உண்மைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பௌத்தமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. துக்கத்தைச் சொல்வதோடு நிற்காமல் அதன் முடிவையும் வழியையும் சேர்த்தே சொல்வதால் நான்கு உண்மைகளில் ஏற்கெனவே நம்பிக்கை இருக்கிறது என்றும் வாதிடலாம். நூலாராய்ச்சி என்ற அளவில் அவர்கள் தரப்பு வலுவானது. ஆனால் அம்பேத்கர் கேட்ட கேள்விக்கு நூலாராய்ச்சியால் மட்டும் விடை சொல்ல முடியாது. துக்கத்தின் காரணம் உன் மனத்துக்குள் இருக்கிறது என்பது அரசகுமாரனுக்குப் பொருந்தலாம். குளத்தில் இறங்கியதற்காக அடிபட்டவனின் துக்கத்துக்குக் காரணம் அவன் மனத்துக்கு வெளியே தடியோடு நின்றது.

இதே அளவுகோலைப் பலன் கருதாச் செயல் என்ற கீதையின் கருத்துக்கும் வைக்கலாம். காந்தி தம் கீதை விளக்கத்துக்கு ‘அனாசக்தி யோகம்’, அதாவது பற்றின்மை யோகம், என்றே பெயரிட்டார். அது வெளிவந்ததும் நாசிக் போராட்டம் தொடங்கிய அதே 1930 மார்ச்சில்தான். விளைவில் பற்று வைக்காதவன் தோல்வியில் துவள மாட்டான், வெற்றியில் தலைகால் தெரியாமல் ஆட மாட்டான் என்பது உண்மை. நீண்ட போராட்டத்துக்கு இது பெரும் பலம். எனினும் பலனைத் துறப்பதற்கு முதலில் பலன் என்று ஒன்று கையில் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக விளைச்சலைப் பறிகொடுத்தவனிடம் விளைச்சலை நினையாதே என்று சொல்வது அவனுக்கு அறமாகக் கேட்காது. பழைய ஆணையாகத்தான் கேட்கும்.

1956 அக்டோபர் 14, விஜயதசமி நாள். நாக்பூரில் பல லட்சம் மக்கள் முன்னிலையில் அம்பேத்கர் பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்றார். பின்னர் கூடியிருந்த மக்களுக்குத் தாமே தீட்சை அளித்து 22 உறுதிமொழிகளைச் சொல்லவைத்தார். மறுநாள் மராத்தியில் நீண்ட உரை ஆற்றினார். ஏழைக்குத்தான் மதம் மிகவும் தேவை, ஏழை வாழ்வதே ஆஷாவில்தான், வாழ்வின் வேர் அதுவே, அது போய்விட்டால் வாழ்வு என்ன ஆகும் என்று அந்த உரையில் கேட்டார். மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் அபின் என்றும் மார்க்ஸ் எழுதியதை நன்கு அறிந்தவர் அவர். அடுத்த மாதமே காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்டுப் பேசவும் செய்தார். அபின் வலியை மறக்கச் செய்து படுக்க வைக்கும். தாம் சொன்ன ஆஷா எழுந்து நடக்க வைக்கிறதா என்பதே அவருக்குச் சோதனை. அதனால்தான் அந்த 22 உறுதிமொழிகளில் மறுமை பற்றிய வாக்குறுதி எதுவும் இல்லை. பழைய தெய்வங்களை வணங்க மாட்டேன், மனிதர் யாவரும் சமம் என்று நம்புவேன், சமத்துவம் நிலைபெற முயல்வேன், திருட மாட்டேன், குடிக்க மாட்டேன் என்று அவை முழுக்க இந்த வாழ்வைப் பற்றிய, செய்யக்கூடிய காரியங்கள்.

இவ்வளவு சொன்னவர் எப்போதும் நம்பிக்கை ததும்ப வாழ்ந்தார் என்று எண்ணக் கூடாது. இந்து சட்ட மசோதா முடங்கியதால் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டார். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்து முன்னேறியவர்கள் தம் மக்களை மறந்து தம்மை ஏமாற்றிவிட்டதாக வேதனைப்பட்டார். சர்க்கரை நோயும் கால்வலியும் அவரை வாட்டின. நாக்பூருக்குப் பின் அவர் உயிரோடு இருந்தது 53 நாட்கள்தான். மனத்தில் பொங்கும் உற்சாகம்தான் நம்பிக்கை என்றால் 1956-இன் அம்பேத்கரிடம் அது குறைவாகவே இருந்தது. செய்யத் தொடங்கியதைச் செய்து முடிப்பதும், தாம் இல்லாத காலத்துக்கு வேண்டியதை ஏற்பாடு செய்வதும் நம்பிக்கை என்றால் அது அவரிடம் நிறைந்திருந்தது. போராட்ட வாழ்வில் இரண்டாவதற்குத்தான் மதிப்பு. முதலாவது வானிலை போல வந்துபோகும்.

அந்த நம்பிக்கைக்கு மக்கள் விலையும் கொடுத்தார்கள். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 1.8 லட்சமாக இருந்த பௌத்தர் தொகை 1961-இல் 32 லட்சத்தைத் தாண்டியது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் மகாராஷ்டிரத்தின் மகர் சமூகத்தினர். பௌத்தர் என்று பதிவு செய்தால் மத்திய அரசின் பட்டியல் சாதி உரிமைகள் போய்விடும் என்பது அன்றைய சட்டம். தெரிந்தேதான் அவர்கள் அப்படிப் பதிவு செய்தார்கள். பௌத்தர்களுக்கும் அந்த உரிமைகளை அளிக்கும் சட்டத் திருத்தம் 1990-இல் வந்தது. நாக்பூர் மைதானத்தில் கைகூப்பி நின்றவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.